நானோதுகள் வழி இதய மருந்து

மாரடைப்பில் சிதைந்த இதயத் தசைக்கு, நுண்துகள்களில் ஏற்றி மருந்து செலுத்தும் ஆய்வுநிலை முறை. பெரிய மாரடைப்பொன்றில் 100 கோடி தசைச் செல்கள்வரை மடியக்கூடும். வளர்ந்தவரின் இதயம் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு செல்களையே புதுப்பிக்கும். வயதாக ஆக அதுவும் குறையும். இழந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

துகள்கள் பெரும்பாலும் கொழுப்பு உறைகள் அல்லது உடலில் கரையும் பாலிமர்கள். 100 நானோமீட்டர் துகளைவிடச் சிவப்பணு 70 மடங்கு அகலம். அடைப்புக்குப்பின் சேதப் பகுதியின் குழாய்ச் சுவர் சில நாள் கசியும். துகள் நுழைவது அவ்வழியே. ஆனால் ஊசியில் ஏற்றியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வளைத்துக்கொள்கின்றன. இம்முறையின் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். இதைத் தவிர்க்க, 2018இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கால்சியம் பாஸ்பேட் துகள்களை மூச்சுவழி செலுத்தினர்; நுரையீரலைக் கடந்த இரத்தம் நேரே சேருமிடம் இதயம்தானே. எலிகளில் இதய இயக்கம் மேம்பட்டது.

தஞ்சாவூர் அருகே, திருச்சி–தஞ்சை நெடுஞ்சாலையிலுள்ள திருமலைசமுத்திரம் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோதொழில்நுட்ப மையம் மருந்துக் கடத்திகளையும் திசுப் பொறியியலையும் ஆய்கிறது.

மாரடைப்புக்கு இன்றும் முதல் சிகிச்சை, அடைப்பை விரைந்து நீக்குவதே.