உயிரியல் கற்பித்தலில் கணித மாதிரிகள்

உயிரினத் தொகையின் விருத்தி, க்ஷயம், நோய்ப் பரவல் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக அமைத்து, காகிதத்திலோ கணிப்பொறியிலோ ஓட்டிக் காட்டி மாணாக்கர்க்கு விளக்கும் போதனை முறை. இதன் பூர்வசரித்திரம் இந்திய மண்ணோடு சம்பந்தமுடையது. 1897-இல் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்ட ரொனால்டு ராஸ், கொசுக்களை அறவே ஒழிக்க வேண்டுவதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும் என்பதை 1911-இல் கணக்கால் நிறுவினார்.

1945-இல் பி. எச். லெஸ்லி, ஒரு பிராணியின் ஆயுளை வயதுப் பிரிவுகளாக்கி, முதல் நிரையில் சந்ததி எண்ணிக்கையையும் கீழ்நிரைகளில் அடுத்த பிரிவை உயிரோடு அடைவோரின் விகிதத்தையும் எழுதி ஓர் அணியாக்கினார். அந்த அணியால் இன்றைய தொகையைப் பெருக்கினால் அடுத்த காலகட்டத்தின் தொகை கிடைக்கும். பள்ளி மாணவனும் செய்யத்தக்க பெருக்கல்தான். வயதுக்குப் பதிலாகப் பருவங்களைக் கொண்டு குரௌஸ், குரௌடர், காஸ்வெல் ஆகியோர் 1987-இல் அட்லாண்டிக் பெருந்தலை ஆமைக்கு இதைப் பிரயோகித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்துவந்த அத்தொகை, முட்டைகள் அனைத்தையும் காப்பாற்றினாலும் குறைந்துகொண்டேயிருக்கும் என்று தெரிந்தது. பெரிய இளம் ஆமைகள் இழுவலையில் மாளாதிருப்பதே பிரதானம். வலையினின்று ஆமை வெளியேற வழிவிடும் சாதனத்தைக் கட்டாயமாக்கும் வாதத்துக்கு இம்முடிவு பெரும்பலம் தந்தது. இதனினும் சிறந்த வகுப்புப் பாடம் அரிது. ஏனெனில் இங்கே மாணாக்கனின் இயல்பான ஊகம் அவன் கையாலேயே பொய்ப்படுகிறது.

சென்னைக் கடற்கரையில் 1970-களில் தொடங்கிய ஆமை நடைகள் பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்தன. அப்பணி போற்றத்தக்கது, எனினும் கரையில் மட்டும் நின்றால் போதாதென்பதையே அணி உரைக்கிறது. அந்நடைகளில் பங்குகொண்ட பொறியியல் மாணவர் சதீஷ் பாஸ்கர், அத்தசாப்தத்தின் இறுதியில் அந்தமான் நிகோபார்த் தீவுகளின் கரைகளை ஆராய்ந்தார். ஹட் பே துறைமுகம் அமைந்த லிட்டில் அந்தமானின் தென்கரையிலும் மேற்கரையிலும் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன. 2004 டிசம்பர் 26-இன் சுனாமி அம்மணற்பரப்புகளைச் சிதைத்தது. பின்னர் மணல் மீண்டும் சேர, ஆமைகளும் வந்தன. அவற்றுள் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டவை மேற்கு ஆஸ்திரேலியா வரையும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரையும் சென்றமை பதிவாயிற்று. ஆகவே அத்தீவின் ஆமைக்கு அணி வரைய முற்படும் மாணாக்கன், முட்டைக்குரிய எண்ணைக் கரையிலேயே எண்ணிப் பெறலாம். கணக்கு பெரிதும் சார்ந்திருக்கும் முதிர்ந்த ஆமையின் உயிர்பிழைப்பு விகிதத்துக்கோ பல தேசங்களின் மீன்பிடிக் கடல்களைக் கணக்கில் கொள்ள வேண்டும்.