முழங்காற்படியிட்ட பெற்றோர்



போர் நினைவுச்சின்னம் என்றதும் குதிரைமேல் வீற்றிருக்கும் தளபதியும் ஓங்கிய வாளுமே நம் மனக்கண்ணில் தோன்றும். பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோ என்னும் ஊரில், 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மானியப் போர்வீரர்கள் துயிலும் கல்லறைத் தோட்டத்திலோ, முழங்காற்படியிட்ட ஒரு தந்தையும் தாயுமே கல்லில் நிற்கின்றனர்.

அவற்றைப் படைத்தவர் கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, அவருடைய இளைய மகன் பீட்டருக்கு வயது 18. தானாக முன்வந்து படையில் சேர அவனுக்குத் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. மருத்துவரான தந்தை கார்ல் மறுத்தார். மகனின் மன்றாட்டுக்கு இரங்கிய தாயே கணவரிடம் பரிந்துபேசி இசைவைப் பெற்றுத்தந்தார். அக்டோபர் மாதத்தில் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் மடிந்தான்.

அவ்வாண்டு முடியுமுன்பே அத்தாய் நினைவுச்சின்னம் ஒன்றை எண்ணத் தொடங்கினார். மகனின் உடல் நடுவே கிடக்க, பெற்றோர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருப்பதாக முதலில் திட்டமிட்டார். பின்னர் அதைக் கைவிட்டார். 1932இல் சிலைகள் நிறுவப்பட்டபோது மகன் அங்கே இல்லை. அவன் இல்லாமையே எஞ்சியிருந்தது. தந்தை தன்னைத்தானே இறுக அணைத்தபடி நிமிர்ந்திருக்கிறார், தாய் குனிந்திருக்கிறார். இருவரும் தனித்தனிப் பீடங்களில். ஒரே துயரம், ஆயினும் ஒருவர் கரம் மற்றவரைத் தொடவில்லை.

1942இல் பீட்டர் என்றே பெயரிடப்பட்ட பேரனும் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாள்களே இருக்கையில், கோல்விட்ஸ் மறைந்தார்.

இறந்த மகனை மடியில் ஏந்திய தாயாக அவர் வடித்த சிறிய சிற்பம், 1993இல் பெரிதாக்கப்பட்டு பெர்லினின் நொய வாஹே நினைவகத்தில் வைக்கப்பட்டது. கூரையின் வட்டத் திறப்பின் வழியே மழையும் பனியும் அத்தாயின்மேல் விழுகின்றன. சிலுவையடியில் நின்ற மரியாளை அது நமக்கு நினைவூட்டும். ஆனால் அன்றே எதிர்ப்பும் எழுந்தது. கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒரே துயரத்துக்குள் அடக்கலாமா? படுகொலையுண்ட யூதர்களின் சாவைக் கிறிஸ்தவ உருவம் சொல்ல முடியுமா? அதன்பின், பலியானோர் இன்னின்னார் என உரைக்கும் பலகை வாயிலில் பதிக்கப்பட்டது. அக்கேள்வி நியாயமானது. நமக்கு ஆறுதல் தரும் உருவம் பிறருடைய இழப்பை மறைத்துவிடலாகாது.

போரை அறிவிப்பவர் சிலர்; அதற்குத் தம் இல்லத்தில் இசைவு தருபவர் பலர். தாம் தந்த இசைவின் விலையை அறிந்த ஒரு தாய், தன் மகனை வீரனாகச் செதுக்காமல், தன்னையே முழங்காற்படியிட்டவளாகச் செதுக்கினார். அக்கல்லின் முன் நாமும் சற்று அமைதியாயிருப்போம்.