குடத்துக்குள் பெயர் இட்ட கை: உத்திரமேரூரும் விளையாட்டு நடுவர் நீதிமன்றமும்

பட்டுக்கும் தரிசனத்துக்கும் காஞ்சிபுரம் வருபவர்களில் சிலரே முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உத்திரமேரூர் வரை போகிறார்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, ஒன்று கி.பி. 919, மற்றது 921. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக இவற்றைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கையை அந்த ஊர் எப்படிக் கட்டுப்படுத்தியது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டாரப் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இட்டார்கள். மூத்த நம்பி (கோயில் அர்ச்சகர்) ஒருவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலையை ஒளித்து வைக்க வழியில்லை. அவன் வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் தாங்களும் வாசிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பட்டியலுக்கே வர முடியாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பெண்களும் நிலமற்றோரும் பிராமணரல்லாத பிற சாதியினரும் அந்தச் சபைக்கு வெளியேதான் நின்றார்கள். இதைச் சொல்லாமல் அந்த முறையைப் புகழ்வது நேர்மையாகாது.

மத்தியஸ்தர் என்ற சொல் இன்றும் நம்மிடம் புழங்குகிறது. சர்வதேச விளையாட்டில் அந்த வேலையைச் செய்வது, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1984-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தொடங்கிய விளையாட்டு நடுவர் நீதிமன்றம். தொடக்கத்தில் அதற்குப் பணம் கொடுத்ததும், விதிகளை மாற்றும் அதிகாரம் வைத்திருந்ததும், நடுவர் பட்டியலில் பெரும் பங்கை முடிவு செய்ததும் அந்தக் கமிட்டியே. குதிரையேற்ற வீரர் எல்மார் குண்டல் தொடுத்த வழக்கில் 1993-இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் இந்த நெருக்கத்தைச் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 1994-இல் இருபது பேர் கொண்ட மேற்பார்வைக் குழு அமைந்தது. சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்கள் நால்வரையும், தேசிய ஒலிம்பிக் கமிட்டிகள் நால்வரையும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நால்வரையும் நியமித்தன. வீரர்களின் நலனுக்காக நால்வரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தப் பன்னிருவர். பதினாறு பேருமாகச் சேர்ந்து மீதி நால்வரை எடுத்தார்கள். வீரர்கள் தாங்களே அனுப்பியவர் எவருமில்லை. நடுவர் பட்டியலைத் தயாரிப்பது இந்தக் குழுதான். மேல்முறையீட்டில் வீரர் ஒரு நடுவரைப் பெயரிடலாம், எதிர்த்தரப்பு ஒருவரைப் பெயரிடலாம். மூவரில் தலைவரை நியமிப்பவர் மேல்முறையீட்டுப் பிரிவின் தலைவர்.

ஜெர்மனியின் பனிச்சறுக்கு வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைன் இந்த அமைப்பையே கேள்விக்குள்ளாக்கினார். 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பகிரங்க விசாரணையை மறுத்தது தவறு என்றது. அமைப்பின் சுதந்திரத்தில் குறையில்லை என்று 5-க்கு 2 என்ற கணக்கில் முடித்தது. மறுத்து எழுதிய இருவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நடுவர் மாறினால் தீர்ப்பு மாறுமா? சீன நீச்சல் வீரர் சுன் யாங்குக்கு ஊக்கமருந்து விதிமீறல் வழக்கில் லொசான் நடுவர் குழு 2020 பிப்ரவரியில் எட்டு ஆண்டுத் தடை விதித்தது. குழுத் தலைவர் ஃபிராங்கோ ஃபிராட்டினி சீனர்களைப் பற்றி ட்விட்டரில் எழுதியிருந்தவை வெளிவந்ததும், அந்த டிசம்பரில் சுவிஸ் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2021-இல் வேறு குழு விசாரித்து நான்கு ஆண்டு மூன்று மாதம் விதித்தது. இடையில் ஊக்கமருந்து விதிகள் தளர்ந்ததும் ஒரு காரணம் என்பதால், முழுப் பொறுப்பையும் ஆள்மாற்றத்தின் மேல் போட முடியாது.

வீரர்கள் அங்கே எப்போதும் தோற்பதுமில்லை. 2015-இல் ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்துக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு, வீராங்கனைகளின் ஹார்மோன் அளவு குறித்த விதியையே நிறுத்தி வைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஆனபெல் பென்னெட். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு கிராம் எடை கூடியதால் தகுதியிழந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் மனுவைத் தனி நடுவராகத் தள்ளுபடி செய்தவரும் அவரே. அவருடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் ஒலிம்பிக் காலத் தற்காலிகப் பிரிவில் நடுவரை அப்பிரிவின் தலைவரே நியமிக்கிறார். ஓலை எடுப்பதில் வினேஷுக்குப் பங்கே இல்லை.

அதே 2024 நவம்பரில் நம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பின் வழக்கில், ஒரு தரப்பு தயாரித்த பட்டியலிலிருந்தே மறுதரப்பும் நடுவரைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்துவது இரு தரப்பையும் சமமாக நடத்தும் கோட்பாட்டுக்கு எதிரானது என்றது. ரயில்வே ஒப்பந்ததாரருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு ஓட்டப்பந்தய வீராங்கனைக்கும் கிடைக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நமக்கென ஒரு விளையாட்டுத் தீர்ப்பாயத்தை அமைக்கிறது. தேர்வுக் குழு பரிந்துரைக்க, மத்திய அரசு உறுப்பினர்களை நியமிக்கும். அந்தத் தேர்வுக் குழுவில் வீரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவருக்காவது இடம் கொடுங்கள்.