குளமும் வானும்: ஊவாத் தோட்டங்களின் மின்காப்பு வரலாறு – ஒரு நோக்கு

மின்சாரத்தின் வரலாறு எழுதப்படும்பொழுது அணைகளும் நிலையங்களும் அவற்றை அமைத்தோர் பெயர்களுமே பெரிதும் பேசப்படுகின்றன. மின்னால் இயங்கும் கருவிகள் எவ்வாறு காக்கப்பட்டன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வெலிமடை, பதுளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்காப்பு இருவகைப்படும். ஒன்று, வழங்கல் தடைப்படும்போது கைகொடுக்கும் மாற்றுமின். டீசல் மின்பிறப்பாக்கியும் பற்றரியுடன் கூடிய யூ.பி.எஸ். கருவியும் இவ்வகையின. மற்றையது, கம்பிவழி பாய்ந்துவரும் மிகைமின்னைக் கருவியை அடையவிடாது புவிக்குத் திருப்பிவிடும் அமைப்பு. குளத்தை உவமை கூறின், முன்னது கோடைக்கெனத் தேக்கிய நீர். பின்னது வெள்ளத்தை வெளியேற்றும் வான். எவ்வளவு நீரைத் தேக்கினும், வான் இல்லாத குளத்தின் கட்டு பெருமழைக்கு நிலைப்பதில்லை.

இவ்விரண்டனுள் காலத்தால் முந்தியது பின்னதே. 1752 ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவிற் கட்டடங்களுக்கு இடிதாங்கி பொருத்தச் செய்தார். அடுத்த நூற்றாண்டில் தந்திக் கம்பிகள் நாடெங்கும் நீண்டபோது மின்னலும் அவற்றின்வழி நிலையங்களுட் புகுந்தது. அதனைத் தடுக்க, சிறு இடைவெளியுடன் இரு உலோகத் தகடுகள் வைக்கப்பட்டன; ஒன்று கம்பியுடனும் மற்றையது புவியுடனும் இணைக்கப்பட்டன. தந்திக்குரிய மின் அவ்விடைவெளியைத் தாண்டாது. மின்னலால் எழும் மின்னோ தாண்டிப் புவியை அடைந்துவிடும். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மற்சுசிட்டா நிறுவனம் உருவாக்கிய நாக ஒட்சைட்டு மின்தடை இத்தகடுகளின் வழித்தோன்றலே எனலாம். வழமையான வோல்ற்றளவில் அது மின்னைத் தடுக்கும். வோல்ற்றளவு மிகுந்தால் வழிவிடும்.

மாற்றுமின்னின் வரலாறு வேறு. தேயிலை காத்திருக்கும் பொருளன்று. வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்ட கொழுந்தை உரிய வேளையில் உலர்த்தாவிடின் அதன் தரம் கெடும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலேயே ஊவாத் தேயிலை தன் தனிமணத்தைப் பெறுகின்றது. அக்காலத்தில் இயந்திரம் நிற்பது பேரிழப்பாகும். எனவே தோட்டத் தொழிற்சாலைகள் தொடக்கத்திலிருந்தே சொந்த வலுவை நாடின. மலையோடைகளில் நீர்ச்சுழலிகளும், பின்னர் டீசல் எந்திரங்களும் அமைந்தன. 1950 இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1969 இல் இலங்கை மின்சார சபை தோன்றியது. தேசிய மின்கம்பி தோட்டங்களை எட்டியபின் நீர்ச்சுழலிகள் பல கைவிடப்பட்டன. டீசல் எந்திரமே துணைவலுவாக எஞ்சியது.

இத்தேக்கத்திற்கும் எல்லையுண்டு. 1996 இன் வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாள்தோறும் எட்டு மணிநேரம் வரை மின் தடைப்பட்டது. மின்பிறப்பாக்கி உடையோர் தப்பினர். 2022 மார்ச்சு இறுதியில் வெட்டு 13 மணிநேரத்தை எட்டியபோதோ டீசலும் கிட்டவில்லை. துணையும் பிறிதொரு துணையை வேண்டி நின்றது.

இனி இரண்டையும் கால அளவால் ஒப்பிடுவோம். மின்பிறப்பாக்கி இயங்கச் சில செக்கன்கள் வேண்டும். சாதாரண யூ.பி.எஸ். சில மில்லிசெக்கன்களில் பற்றரிக்கு மாறும். மின்னலால் எழும் மிகைமின்னோ மைக்கிரோசெக்கன்களில் தன் அழிவைச் செய்து முடித்துவிடும். மேலும் வழங்கல் இருக்கும்வரை அவ்வகை யூ.பி.எஸ். கம்பியின் மின்னையே கருவிக்கு அனுப்புகின்றது. அதனுள் இருக்கும் சிறு திருப்பி பெருந்தாக்கைத் தாங்காது. ஆகவே இருளுக்கு மருந்தாவது இடிக்கு மருந்தாகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல்தோறும் இடிமுழங்கும் ஊவாவில் இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று.

திருப்பும் கருவியின் ஆற்றலும் அது சென்று சேரும் மண்ணைப் பொறுத்ததே. பிரதான ஆளிப்பலகையிலிருந்து புவிக்குச் செல்லும் கம்பி குறுகியதாகவும் நேராகவும் இருத்தல் வேண்டும். புவித்தண்டு ஈரமண்ணில் ஆழ ஊன்றப்படல் வேண்டும். மலைநாட்டின் பாறைநிலத்தில் இது எளிதன்று. புவித்தொடுப்பற்ற திருப்பி, வான் வெட்டி வாய்க்கால் வெட்டாத குளத்தை ஒக்கும்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தோட்டத்திற் காப்பு பொருளின் விலையைப் பின்பற்றியே சென்றது. தொழிற்சாலையில் இயந்திரம் சுழன்றபோது, பல தசாப்தங்களாக லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிந்தி வந்த மின்னுடன் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மாணவரின் கணினியும் லயத்துள் வந்தன. மாதச் சம்பளத்திற் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் ஓர் இடியில் அழிவது, தொழிற்சாலை ஒருநாட் கொழுந்தை இழப்பதினும் சிறிய இழப்பன்று.

மின்பிறப்பாக்கி செல்வமுடையோர்க்கே இயலும். நல்ல புவித்தொடுப்பும் திருப்பும் கருவியும் அதனோடு ஒப்பிடின் மிகக் குறைந்த செலவின. புவித்தொடுப்போ கருவிக்கு மட்டுமன்றி, மின்கசிவு நேரும்போது ட்ரிப் சுவிட்சுடன் சேர்ந்து உயிருக்கும் காவலாகும். எனவே மலையகத்தில் எழும் ஒவ்வொரு புதிய வீட்டிலும், விளக்கு எரிகின்றதா என்பதற்கு முன்னரே, புவித்தண்டு ஊன்றப்பட்டுள்ளதா என்பது வினவப்படல் வேண்டும். அதனை வினவும் கடமை கற்றோர்க்கு உரியதாகும்.