காலிக் கோட்டையும் கவிழ்ந்து கிடந்த கல்லும்

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு காலிக் கோட்டைக்குப் போனோம். கயிறு கட்டிக் காட்டும் இடமல்ல அது. மதிலுக்குள்ளே நீதிமன்றம், பாடசாலை, பள்ளிவாசல் என்று இன்றும் சனங்கள் வாழும் ஊர்.

பழைய வாசலில் மகள் நின்றுவிட்டாள். வெளிப்பக்கம் பிரித்தானியரின் சின்னம். உட்பக்கம் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல்.

"வாப்பா, இதுல நம்மட ஆக்கள் எங்க?"

மீரான் ஜும்ஆப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு, வெளிச்சவீட்டடியில் இருந்து அவளுக்கு ஒரு கல்லின் கதை சொன்னேன். சீனக் கடற்தளபதி செங் ஹ, அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான், கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுத் திகதி இடப்பட்டது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததே 1505இல்தான்!

அது நம் பூட்டன்மாரின் பெயர்ப்பட்டியல் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கரையில் தமிழும் பாரசீகமும் வாசிக்க ஆள் உண்டு என்று சீனாவில் தெரிந்திருக்கிறது.

கோட்டையில் அதைத் தேடாதீர்கள். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

"மிச்சம் இருக்கிறதையாவது பார்ப்போம் வாப்பா" என்றாள். அடுத்த விடுமுறை கொழும்புக்கு என்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.