கல்லியானோ: உயரமான மஞ்சள் பாட்டிலும், இத்தாலி தோற்ற போரும்... என்ன தொடர்பு?

மற்ற மது பாட்டில்களுக்கு நடுவே ஒல்லியா, உயரமா, தங்க மஞ்சள் நிறத்தில் நிற்கும் பாட்டில்தான் கல்லியானோ. இந்த இத்தாலிய மூலிகை மதுவுக்கு வைக்கப்பட்டிருப்பது ஒரு ராணுவ அதிகாரியின் பெயர். அதுவும் இத்தாலி படுதோல்வி அடைந்த போரில் உயிரிழந்தவர். ஏன் அவர் பெயர்?

உள்ளே என்ன இருக்கு?

கல்லியானோ ஒரு 'லிக்யூர்'. அதாவது, மூலிகை, மசாலா வாசனைகளை ஸ்பிரிட்டில் இறக்கி, சர்க்கரை சேர்த்து இனிப்பாக்கிய மது. அன்னாசிப்பூ, பட்டை, லாவெண்டர், வெனிலா என சுமார் 30 பொருட்கள் இதில் சேர்கின்றன. இத்தாலியின் துறைமுக நகரமான லிவோர்னோவில், 1896-ல் அர்துரோ வக்காரி என்பவர் இதை உருவாக்கினார்.

யார் இந்த கல்லியானோ?

எத்தியோப்பியாவை தன் பிடிக்குள் கொண்டுவர இத்தாலி போரில் இறங்கிய நேரம் அது. மெக்கெலே என்ற ஊரில் இருந்த கோட்டைக்கு மேஜர் ஜுசெப்பே கல்லியானோதான் பொறுப்பு. 1895 டிசம்பரில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை கோட்டையை முற்றுகையிட்டது. குடிதண்ணீர் வரும் வழியும் அடைபட்டது. வேறு வழியில்லாமல் ஜனவரியில் கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார் கல்லியானோ.

தாக்குப்பிடித்த அந்த சில வாரங்களுக்காகவே இத்தாலி அவரை ஹீரோவாக கொண்டாடியது. ஆனால் 1896 மார்ச் 1-ல் அட்வா போரில் இத்தாலி தோற்க, அவரும் உயிரிழந்தார். வக்காரி தன் புது மதுவுக்கு அவர் பெயரையே வைத்தார்.

பாட்டில் ஏன் இவ்வளவு உயரம்?

பழைய ரோமானியத் தூணை நினைவூட்டும் வடிவம் இது. பார்த்தவுடன் அடையாளம் தெரியும். ஆனால் சாதாரண அலமாரியில் நிற்க வைப்பதுதான் கஷ்டம்! லேபிளில் இடம்பிடித்த கோட்டை, கல்லியானோ காத்த அதே மெக்கெலே கோட்டை.

1970-களில் வோட்கா, ஆரஞ்சு ஜூஸுடன் இதைக் கலந்த 'ஹார்வி வால்பேங்கர்' காக்டெயில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. குடித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோட்டையின் கதை தெரிந்திருக்கும்?

எத்தியோப்பியாவில் மட்டும் அது மறக்கப்படவில்லை. அட்வா வெற்றி நாள் அங்கே இன்றும் தேசிய விடுமுறை.

(மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு)