கோலமும் வாழ்வும்



கலை வரலாறு எழுதுவோர் அரங்கின் மேல் நடந்தவற்றையே பெரும்பாலும் எழுதிச் செல்கின்றனர். ஆட்டம் முடிந்து விளக்கணைந்த பின்னர் அக்கலைஞர் எந்த வீட்டுக்குத் திரும்பினார், அங்கே கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்று அவர்கள் கேட்பது அரிது. ஆயினும் கலைஞருள் ஒரு சாரார்க்கு அந்தக் கதவே வரலாற்றின் தொடக்கமாகும். ஆணாகப் பிறந்தார் என்று ஊரார் எழுதிவைக்க, தம்மைப் பெண்ணென்றே உணர்ந்து, பெண்ணாகவே வாழ்ந்து, கலையினால் பெயர் பெற்ற திருநங்கையரைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இது நேற்று மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. ஆண்மை திரிந்தோரை எவ்வாறு சொல்லால் வழங்குவது என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. காமன் தன் மகனைச் சிறைமீட்க ஆடியது அவ்வாடல் என்பர். பாரதக் கதையில் விராடன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பித்த ஆசிரியர் யார்? பிருகன்னளை என்னும் பேடியின் வடிவில் மறைந்து வாழ்ந்த விசயனே அன்றோ! பத்தி இலக்கியத்துக்கு வந்தால், நம்மாழ்வார் தம்மைத் தலைவியாக்கிப் பாடியமையால் பராங்குச நாயகி ஆனார்; திருமங்கை மன்னர் பரகால நாயகி ஆனார். ஆண் உடலில் பெண் உள்ளம் பேசுவதைத் தமிழ் நாகரிகம் இழிவென்று கருதவில்லை. தெய்வத்தை அணுகும் வழிகளுள் ஒன்றாகவே அதனை ஏற்றுப் போற்றியது.

நூலில் இருந்த இம்மரபு நாட்டுப்புற அரங்கிலும் இருந்தது. எங்கள் மன்னார்த் தீவிலும், எதிர்க்கரையாகிய மாதோட்டத்திலும் கத்தோலிக்க மக்கள் கூத்தையும் வாசாப்பையும் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்துள்ளனர். அரசியும் தோழியும் புனிதவதியுமாக அக்களரியில் தோன்றியோர் அந்நாளில் ஆடவரே. அண்ணாவியார் குரல் பார்த்து, நடை பார்த்துப் பெண்பாத்திரத்துக்கு ஆள் தெரிவார். தெரிந்தெடுக்கப்பட்டவர் மத்தள ஒலிக்கு அடிவைத்து வந்து, விடியுமட்டும் பாடுவார். கணவனை இழந்த அரசியின் புலம்பலை அவர் பாடும்போது, பாயில் அமர்ந்திருந்த தாய்மார் கண்ணீர் விடுவர். பாடுகின்றவர் பகலில் வலை இழுப்பவரா, வயல் உழுபவரா என்று அவ்வேளையில் எவரும் நினைப்பதில்லை.

1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. இரு கரை இரயில்களையும் அக்கப்பல் இணைத்தமையால், வணிகரும் தோட்டத் தொழிலாளரும் வந்த பாதையிலே நாடகக் குழுவினரும் வரலாயினர். அக்காலத் தமிழ் நாடக மேடை பாட்டினால் ஆன மேடை. இன்று திரைப்பாடகர்க்குள்ள பெயரும் புகழும் அன்று நாடகப் பாடகர்க்கு இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவர்களே அனைத்து வேடங்களையும் தாங்கினர். பெண்வேடம் புனைவோரை ஸ்திரீபார்ட் என்று அழைப்பது வழக்கம். அச்சபையில் பயின்ற தி. க. சண்முகம் 1942 ஆம் ஆண்டு ஔவையார் வேடம் பூண்டு, பின்னர் ‘அவ்வை’ சண்முகம் என்றே நிலைபெற்றார். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவனாக முதலில் ஏற்ற வேடங்களுள் ஒன்று சீதை. மறுபுறம், 1926 ஆம் ஆண்டில் கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து பாடிய கே. பி. சுந்தராம்பாள், 1935 இல் திரைப்படத்தில் ஆண் வேடம் தாங்கி நந்தனாராகவே நடித்தார். மராட்டிய நாட்டிலோ பாலகந்தர்வர் பெண்வேடத்தில் பாடியே ஒரு தலைமுறையைத் தம்வசப்படுத்தினார். 1964 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் அளித்தது.

இவ்வளவும் நமக்குப் பெருமை தருவனவே. ஆனால் இங்கே ஒரு வினா எழுகின்றது. பெண்கோலம் பூண்ட ஆடவனைப் பாராட்டிய அதே ஊர், கோலம் கலைந்த பின்னரும் தன்னைப் பெண்ணென்று சொன்ன ஒருவரை எவ்வாறு நடத்திற்று? விடை எல்லாருக்கும் தெரிந்ததே. ஏளனம், அடி, வீட்டை விட்டு வெளியேற்றம், தெருவில் கையேந்தும் வாழ்வு. ஓர் இரவுக்குக் கோலமாக இருந்தபோது கலை என்றோம். அதுவே ஒருவரின் வாழ்வானபோது குற்றம் என்றோம். வேடத்துக்கு மாலை சூட்டினோம், மனிதருக்குக் கதவடைத்தோம். நம் கலை வரலாற்றின் நடுவே கிடக்கும் முரண் இதுவே.

இம்முரணைத் தம் வாழ்வினாலே எதிர்கொண்டு வென்ற ஒருவர் நர்த்தகி நடராஜ் அம்மையார். மதுரையை அடுத்த அனுப்பானடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தம்முள் இருந்த பெண்மையை உணர்ந்தார். அவ்வயதிலேயே ஆடலிலும் உள்ளத்தைப் பறிகொடுத்தார். திரைப்படங்களில் வைஜயந்திமாலா ஆடிய நடனங்களைக் கண்டு, கண்டவற்றைத் தாமே ஆடிப் பழகினார். வீட்டிலும் வெளியிலும் அவர் சந்தித்த வசைகள் பல. தம்மைப் போன்றே உணர்ந்த சக்தி என்னும் தோழி ஒருவர் அவருக்கு வாய்த்தார். இருவரும் இளமையிலேயே இல்லம் துறந்தனர். அவ்வாறு வெளியேறிய பலருக்கு நேர்ந்த கதி இவர்களுக்கும் நேர்ந்திருக்கக்கூடும். ஆனால் இவர்கள் தேடிச் சென்றது ஓர் ஆசிரியரை.

அவ்வாசிரியர் தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளை. முன்னர்க் கூறிய நாடகக் கலைஞர் கிட்டப்பா வேறு, இவர் வேறு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழியில் தோன்றியவர் இவர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதக் கச்சேரி முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியோர் அந்நால்வரே. ஆதலால், பரதக் கலையின் பழமையான தலைவாசலில் போய் நின்றனர் அவ்விருவரும். நட்டுவனார் உடனே ஏற்றுவிடவில்லை. நெடுநாள் காத்திருக்கச் செய்து, ஆர்வம் உண்மையானதா என்று அறிந்த பின்னரே 1984 ஆம் ஆண்டளவில் மாணவராக ஏற்றுக்கொண்டார். அவர் சோதித்தது உழைப்பையும் பொறுமையையும். ‘நர்த்தகி’ என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. ஆடல்மகள் என்பது அதன் பொருள். பெற்ற வீடு மறுத்த பெண்மையைக் கற்பித்த வீடு பெயராகவே வழங்கிற்று.

ஆசிரியர் 1999 இல் மறையும்வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் குருகுல முறையில் அம்மையார் பயின்றார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியருக்கு உதவியாளராகவும் பணியாற்றினார். தேவாரமும் திருவாசகமும் சங்கப் பாடல்களும் அவர் ஆடற்குப் பொருளாயின. இறைவனைத் தலைவனாகவும் தம்மைத் தலைவியாகவும் கொண்டு உருகும் நாயகி பாவத்திலே அவர் தனிச்சிறப்பு எய்தினார். முன்னே நான் கூறிய ஆழ்வார் மரபு இங்கே வந்து பொருந்துவதைக் காண்க. ஆழ்வார்கள் சொல்லால் புகுந்த பெண்ணுள்ளத்தில் இவர் வாழ்ந்துகொண்டே ஆடினார். பிறர்க்கு வேடமானது இவர்க்கு மெய்.

பின்னர் வந்த சிறப்புகளைச் சுருங்கச் சொல்கிறேன். 2007 இல் தமிழ்நாட்டு அரசின் கலைமாமணி. 2011 ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதமி விருது. 2019 இல் பத்மஸ்ரீ. பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021 இல் தமிழ்நாட்டின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவருக்குப் பின் 2021 ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ, எல்லம்மன் பாடல்களைப் பாடியும் ஆடியும் வரும் கன்னட நாட்டுத் திருநங்கை மஞ்சம்மா ஜோகதியைச் சென்றடைந்தது.

மெல்லிசை உலகிலும் இதற்கு ஒத்த ஒரு வரலாறு உண்டு. யேமன் நாட்டு வழிவந்த யூதக் குடும்பத்தில், தெல் அவிவ் நகரில் பிறந்தவர் டானா இன்டர்நேஷனல் என்னும் திருநங்கைப் பாடகி. 1998 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்த யூரோவிஷன் இசைப்போட்டிக்கு இஸ்ரேல் நாட்டின் சார்பில் அவர் தெரிவானபோது, சமயப் பற்று மிக்க அரசியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் ‘டீவா’ என்ற பாடலைப் பாடி 172 புள்ளிகளோடு அவர் முதலிடம் பெற்றார். பெரும்பாலான நாடுகளில் பொதுமக்களே தொலைபேசி வழியாக வாக்களித்துத் தீர்ப்பளித்த போட்டி அது. தஞ்சையில் ஓர் ஆசிரியர் செய்ததை, அங்கே முகமறியாத மக்கள் பலர் செய்தனர். இரண்டும் ஒன்றே: குரலையும் கலையையும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல்.

சட்டமும் மெல்ல நடந்து வந்திருக்கின்றது. தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டு திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்பிரலில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டு முதல், மருத்துவச் சான்றிதழின் பேரில் பிறப்புப் பதிவில் பாலினக் குறிப்பைத் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. ஆனால் பதிவேட்டில் திருத்திய எழுத்து, ஊரார் வாயில் தானாகத் திருந்திவிடாது.

பாடசாலையில் நெடுங்காலம் பணியாற்றுகிறவன் என்ற முறையில் ஒன்று கூற எனக்கு உரிமை உண்டு. பாடசாலைக் கலைவிழாவில் பெண்வேடம் புனைந்த சிறுவனுக்குக் கைதட்டிப் பரிசு அளிக்கிறோம். மறுநாள் வகுப்பறையில் மென்மையாக நடக்கும் வேறொரு சிறுவனை மாணவர் பட்டப்பெயரிட்டு அழைக்கும்போது, ஆசிரியர் கேளாதவர்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அப்பிள்ளை சில நாளில் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிடும். வரவேட்டில் ஒரு பெயர் அடிபட்டுப் போகும். காரணம் எழுத அதில் இடமில்லை. அடிபட்ட அப்பெயர்களுள் எத்தனை நர்த்தகிகள் இருந்தனரோ, யார் கணக்கெடுத்தார்?

கிட்டப்பா பிள்ளை சீர்திருத்தவாதி என்று தம்மைக் கூறிக்கொண்டவர் அல்லர். மேடை ஏறி முழங்கியவரும் அல்லர். தம் முன்னோர் விட்டுச்சென்ற கலையை ஓரடியும் பிறழாமல் காத்தவர். பழமையைக் காத்த அக்கைகளே புறந்தள்ளப்பட்ட பிள்ளைகளை அணைத்துக்கொண்டன. மரபுக்கும் இரக்கத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பொறுப்பிலுள்ள பிள்ளை எத்தன்மையதாயினும், வீட்டுக் கதவும் வகுப்பறைக் கதவும் அதற்குத் திறந்திருக்கட்டும். எல்லாப் பிள்ளையும் புகழ்பெற்ற கலைஞராகிவிடப் போவதில்லை. ஆக வேண்டிய தேவையும் இல்லை. படித்து, தொழில் செய்து, மதிப்போடு வாழ்ந்தால் போதும். கோலத்தைப் போற்றத் தெரிந்த மக்கள் நாம். வாழ்வையும் போற்றக் கற்போமாக.